அம்மாவை இப்போது மெல்போர்னுக்கு அழைத்துப் போகலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 46, வங்கியில் வேலை. அம்மாவுக்கு 73. அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, காலை 24 யூனிட், இரவு 14 யூனிட் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்த மாத்திரை உண்டு, 2022ல் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், முழங்கால் தேய்மானம், அப்பா போனதிலிருந்து இரவில் தூக்கத்துக்கு ஆல்பிரசோலாம் அரை மாத்திரை. அண்ணன் மெல்போர்னில் இருக்கிறார். அம்மா அங்கே கடைசியாகப் போனது 2018ல். மறுபடி போக 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்கள், மார்ச்சிலேயே எல்லா விமானமும் நின்றுவிட்டது. 2021 மே முதல் வாரம் அப்பா கொரோனாவில் இறந்துபோனார். அண்ணனால் வர முடியவில்லை, எல்லாவற்றையும் செல்போனில்தான் பார்த்தார். முதல் வருஷத் திதிக்குத்தான் வந்து சேர்ந்தார்.

இப்போது அண்ணன், மூன்று மாதம் அம்மாவை அனுப்பி வை என்கிறார். வீல்சேர் போட்டுத் தனியாகவே அனுப்பலாமே என்பது அண்ணியின் யோசனை. உலகம் இருக்கிற இருப்பில் எதற்கு இந்த வம்பு என்று கணவர் சொல்கிறார். வங்கியில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் 2025 ஜூனில் தோஹாவில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தரையில் படுத்த கதையைக் கேட்டதிலிருந்து வாசகிக்கு நிம்மதி இல்லை. அவருக்குக் கிடைக்கும் விடுப்பு இரண்டு வாரம்தான். நடுவில் எங்கேயோ, போகிற போக்கில் ஒரு வரி: அம்மா பரணில் கிடந்த பெட்டியை இறக்கச் சொல்லி, துடைத்து, மொட்டை மாடியில் வெயிலில் வைத்திருக்கிறாராம். கடைசி வரி: "அண்ணனுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டால் என்ன செய்வேன் டாக்டர்?"

வணக்கம். கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் தோஹா கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அது உங்கள் பயணத்தோடு சம்பந்தமே இல்லாத கதை. 2025 ஜூன் 23 இரவு, தோஹா இருக்கும் கத்தார் நாடு போர்ப் பதற்றத்தால் தன் வான்வெளியை மூடியதும், பக்கத்து நாடுகள் சில மணி நேரம் மூடியதும், ஆயிரக்கணக்கானவர்கள் நடுவழியில் நின்றதும் உண்மை. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் அம்மா போக வேண்டியது கிழக்கே. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம், கோலாலம்பூரும் ஏறக்குறைய அதே. சிங்கப்பூரிலிருந்து மெல்போர்ன் ஏழரை, எட்டு மணி நேரம். கொழும்பு வழியாகவும் போகலாம், அங்கிருந்து மெல்போர்னுக்கு நேரடி விமானம் உண்டு. வளைகுடா வழி டிக்கெட் சில நேரம் மலிவாகக் கிடைக்கும், பெட்டிக்கு எடை கூடத் தருவார்கள், அதற்காக மேற்கே மூன்று நாலு மணி நேரம் போய் மறுபடி அதே கடலைத் தாண்டித் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். 73 வயது முழங்காலுக்கு அது தேவையில்லை. மேற்கே வான்வெளி மூடினால் கிழக்கே போகும் விமானமும் தாமதமாகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் தாமதம் வேறு, போர் நடக்கும் இடத்தின் மேலே பறப்பது வேறு. உங்கள் கணவரிடம் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

உடம்பு தாங்குமா?

ஸ்டென்ட் வைத்தவர்கள் விமானத்தில் ஏறக்கூடாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது வைத்த முதல் சில நாட்கள், வாரங்களுக்கான பேச்சு. வருடங்கள் கடந்து, நெஞ்சு வலி இல்லாமல், மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தடை இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி. அதனால் நான் வயதானவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, சமீபத்தில் கொடைக்கானலோ ஊட்டியோ போனீர்களா, மூச்சு வாங்கியதா என்பதுதான். போகவில்லை என்றால் வீட்டிலேயே பாருங்கள்: ஒரு மாடிப்படி ஏறி, அல்லது ஐம்பது மீட்டர் சாதாரணமாக நடந்து, நடுவில் நிற்காமல் அம்மாவால் பேச முடிகிறதா? மொட்டை மாடிக்குப் பெட்டியை யார் தூக்கிப் போனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதைத் துடைத்துத் திருப்பிப் போட அவர் மேலே ஏறியிருப்பார் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு இதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, ஈசிஜி எடுத்து, அந்தக் காகிதத்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏதாவது வலி என்று போய் நின்றால், பழைய ஈசிஜி இருந்தால்தான் எது புதிது, எது பழையது என்று அங்கிருக்கும் டாக்டருக்குத் தெரியும்.

காலில் ரத்தம் உறைவதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்த ஆபத்து இரண்டு மடங்கு ஆகிறது என்பது சரி. ஆனால் எதன் இரண்டு மடங்கு என்றும் பார்க்க வேண்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் ஆரோக்கியமானவர்களிடம் அது நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 6,000 பேரில் ஒருவர் என்ற அளவு. உங்கள் அம்மாவுக்கு வயதால் கொஞ்சம் கூடும். நடைபாதை ஓரத்து இருக்கை, மணிக்கொரு முறை எழுந்து கழிவறை வரை ஒரு நடை, தண்ணீர், முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறை. காலில் ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அந்தக் காலுறையே புண்ணாக்கிவிடும், ஆகவே பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்த்து டாக்டர் சரி சொன்ன பிறகே வாங்குங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக: "நல்லா தூங்கட்டும்" என்று அந்த அரை மாத்திரையை விமானத்தில் முழு மாத்திரை ஆக்காதீர்கள். தூக்க மாத்திரை போட்டவர் ஆறு மணி நேரம் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார், எழுந்ததும் தடுமாறி விழுவார். அதே சமயம் பயணத்துக்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, பல வருடம் போட்டவர்களுக்கு அதுவும் தொந்தரவு.

சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?

உங்கள் கடிதத்தில் போர், வைரஸ், விசா எல்லாம் இருக்கிறது. என்னைக் கவலைப்படுத்தும் விஷயம் மட்டும் இல்லை. அம்மா இன்சுலினை பேனாவில் போடுகிறாரா, குப்பியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுகிறாரா?

நம் ஊரில் மருந்துக் கடையில் கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளவை. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு இங்கே ஆரஞ்சு மூடி. இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது மாதம், கொண்டுபோன இன்சுலின் தீர்ந்துபோகிறது. அண்ணன் நல்ல மனதோடு அங்கே ஒரு குப்பி வாங்கி வருகிறார். சிரிஞ்ச்தான் மிச்சம் இருக்கிறதே என்று அம்மா தன் சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கம்போல 24 கோடு வரை உறிஞ்சுகிறார். உள்ளே போவது 24 யூனிட் இல்லை, 60 யூனிட். ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பிள்ளை வேலைக்குப் போன வீட்டில் தனியாகச் சரிந்து கிடப்பார். தோஹாவில் வான்வெளி மூடுவதைவிட இது நடக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணக்கு.

ஆகவே குப்பி என்றால், கிளம்ப ஆறு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு பேனாவுக்கு மாற்றிவிடுங்கள். கலவை இன்சுலின் பேனாவில் இருப்பது இங்கேயும் அங்கேயும் 100தான், டயலில் காட்டும் எண்தான் உள்ளே போகும். கை பழக ஆறு வாரம் போதும்.

அப்புறம், இன்சுலின் ஒருபோதும் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது. சரக்கு வைக்கும் பகுதியில் அது உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது. திறந்த பேனா 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும், விமானத்தில் ஐஸ் தேவையில்லை. திறக்காதவற்றை மட்டும் குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ் கட்டியை நேராக ஒட்டி வைக்காமல் ஒரு துண்டில் சுற்றி. ஊசி நேரத்தைப் பொறுத்தவரை, மெல்போர்ன் நமக்கு நாலரை அல்லது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, பருவத்தைப் பொறுத்து. கிழக்கே போகும்போது அந்த நாள் குட்டையாகிவிடும், இரண்டு ஊசிகள் நெருங்கி வந்துவிடும், அதனால் பயண நாளில் அளவு கொஞ்சம் குறையும். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் விமான நேரத்தைப் பார்த்து எழுதித் தர வேண்டும், நான் இங்கிருந்து எண் சொல்வது தப்பு. ஒரு விதி மட்டும் சொல்கிறேன்: சாப்பாட்டுத் தட்டு கண் முன்னால் வந்த பிறகுதான் ஊசி. வண்டி வருகிறது என்று பார்த்து முன்கூட்டியே போட்டு, விமானம் ஆட்டம் கண்டு சாப்பாடு பரிமாறுவதை நிறுத்தியதால் பசியோடு மயங்கியவரை எனக்குத் தெரியும்.

மாட்டிக்கொள்ளும் நாளுக்கான பை

பன்னிரண்டு மணி நேரம் பறப்பது உங்கள் அம்மாவுக்குப் பெரிய விஷயம் இல்லை. விமானம் ரத்தாகி, பெட்டி எங்கேயோ போய், மாத்திரை பெட்டிக்குள் இருக்க, ஒரு விமான நிலையத்தில் இருபது மணி நேரம் உட்காருவதுதான் கஷ்டம். காரணம் போரா, புயலா, எரிமலையா, கணினிக் கோளாறா என்பதெல்லாம் உடம்புக்கு ஒன்றுதான். அதனால் கைப்பையில் குறைந்தது ஏழு நாளுக்கான எல்லா மாத்திரைகளும், இன்சுலினில் பாதியும், சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ் பொடி, பிஸ்கட், ஒரு போர்வை, ஒரு மாற்றுச் சேலை. இன்சுலினின் மறுபாதி உங்கள் கைப்பையில்.

டிக்கெட் ஒரே பதிவாக இருக்கட்டும். திருச்சி - சிங்கப்பூர் தனியாக, சிங்கப்பூர் - மெல்போர்ன் தனியாக என்று எடுத்தால் நாலாயிரம் மிச்சம் ஆகலாம், ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் உங்களுக்காக யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், நடுவில் பெட்டியை எடுக்கக் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கலாம். செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய விசாவும் அடுத்த பயண டிக்கெட்டும் வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் 96 மணி நேரம் விசா இல்லாமல் வெளியே வர அனுமதிக்கும் வசதி ஒன்று உண்டு, நிபந்தனைகளோடு. டிக்கெட் எடுக்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள். இரவு மாட்டிக்கொண்டால் ஓட்டலில் படுக்கலாமா, நாற்காலியிலா என்பதை முடிவு செய்வது அதுதான்.

மருந்துச் சீட்டில் நம் ஊர் பிராண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. டாக்டரிடம் மூலப்பெயரை ஆங்கிலத்தில், தெளிவான எழுத்தில் தட்டச்சு செய்து வாங்குங்கள். இங்கே ஒரே மாத்திரையில் மூன்று மருந்து கலந்து தருகிறோம், அதே கலவை அங்கே கிடைக்காமல் போகலாம், ஆகவே உள்ளே என்னென்ன, எத்தனை மில்லிகிராம் என்று தனித்தனியாக இருக்கட்டும். ஆல்பிரசோலாம் ஆஸ்திரேலியாவில் 2014 முதல் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் மருந்து. டாக்டர் கடிதமும் அசல் அட்டையும் இல்லாமல் ஒரு டப்பாவில் உதிரியாகக் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூரிலும் இதற்கு முன்அனுமதி கேட்பார்கள், வெளியே வரும் எண்ணம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்குள் மூன்று மாதத்துக்கான மருந்துதான் கொண்டுபோகலாம். எனவே இரண்டாவது மாதமே அண்ணன் அங்கே ஒரு டாக்டரிடம் அம்மாவைக் காட்டிச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும், தீர்ந்த பிறகு ஓடக்கூடாது. ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாவற்றையும் வருகை அட்டையில் ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் பிடுங்கிக்கொள்வார்கள், எழுதாவிட்டால்தான் அபராதம். கறிவேப்பிலையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் எல்லாம் சரியா?

"நல்ல இன்ஷூரன்ஸ் போட்டுவிட்டால் பயமில்லை அல்லவா" என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஏஜென்ட் படிவத்தில் "முன்பே உள்ள நோய்: இல்லை" என்று டிக் செய்து பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார். அந்த ஒரு டிக், அங்கே நெஞ்சு வலி வந்தால் பாலிசியை வெறும் காகிதம் ஆக்கிவிடும். சர்க்கரை, அழுத்தம், ஸ்டென்ட் மூன்றையும் எழுதுங்கள். அப்படி எழுதியும், உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வரை தருவோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். அந்தத் தொகையைக் கண்ணால் பாருங்கள். போரால் வரும் இழப்பைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்காது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மருத்துவ உதவி ஒப்பந்தம் கிடையாது, அங்கே அரசு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அம்மாவுக்கு முழுக் கட்டணம், மெல்போர்னில் ஆம்புலன்ஸுக்கும் தனியே பில் வரும். அண்ணன் அங்கேயே உள்ள நிறுவனத்தில் வருகையாளருக்கான பாலிசி விலையும் கேட்டு ஒப்பிடட்டும்.

"நிலைமை அமைதியாகட்டும், ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்" என்ற உங்கள் கணவரின் யோசனையில் எனக்கு ஒரு தயக்கம். 75 வயதானால் ஆஸ்திரேலிய விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம், காப்பீட்டுக்கும் ஆதாரம் கேட்பார்கள், பிரீமியமும் ஏறும். முழங்காலும் இளமையாகப் போவதில்லை. உலகம் அமைதியாகும் வருடத்துக்காகக் காத்திருந்தால் அந்தக் காத்திருப்பின் செலவை அம்மாவின் உடம்புதான் கொடுக்கும்.

தனியாக அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். உங்கள் அண்ணி தப்பாக நினைத்துச் சொல்லவில்லை, எத்தனையோ அம்மாக்கள் அப்படிப் போய் வருகிறார்கள். ஆனால் வீல்சேர் உதவி என்பது துணை இல்லை, கைமாற்றி விடுவது. சென்னை விமான நிலையத்தில் நள்ளிரவில் பாருங்கள், கேட் ஓரமாகப் பத்துப் பதினைந்து வீல்சேர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அம்மா, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தள்ளி வந்த பையன் எப்போது திரும்பி வருவான் என்று வழியையே பார்த்துக்கொண்டு, கழிவறைக்குப் போக வேண்டும் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல். விமானத்துக்குள் அந்த உதவியும் இல்லை. இன்சுலின் போடுகிறவரை அப்படி அனுப்ப நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விமானம் ரத்தானால் அறிவிப்பைக் கேட்டு ஓட வேண்டியவர் அவரேதான்.

என் யோசனை: உங்கள் இரண்டு வார விடுப்பில் நீங்கள் கூட்டிப் போங்கள், ஒரு வாரம் இருந்து அங்கே மருந்து, டாக்டர், ஊசி எல்லாவற்றையும் அண்ணிக்குக் கை காட்டிவிட்டுத் திரும்புங்கள். மூன்று மாதம் கழித்து அண்ணன் கொண்டுவந்து விடட்டும். இதை வாய்வார்த்தையாக விடாமல் அவரது திரும்பும் டிக்கெட்டையும் இப்போதே போடச் சொல்லுங்கள். வீல்சேர் வேண்டாம் என்று சொல்லவில்லை, 48 மணி நேரம் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள், நீங்கள் பக்கத்தில் நடந்தபடி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், ஃப்ளூவும் அப்போதுதான்; அந்த மாதங்களைத் தவிருங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. உங்கள் அண்ணன் 2021 மேயில் வராமல் போனதற்கு அவரும் காரணமில்லை, நீங்களும் காரணமில்லை. ஏப்ரல் கடைசியிலேயே இந்தியாவிலிருந்து விமானங்களை ஆஸ்திரேலியா நிறுத்திவிட்டது. மே 3 முதல் 15 வரை, முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்த எவரும், சொந்தக் குடிமக்களே ஆனாலும், உள்ளே வந்தால் ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டத்தைக் காட்டி மிரட்டினார்கள். அவர் வந்திருந்தால் உடனே திரும்பியிருக்க முடியாது. இதை நீங்கள் இருவரும் என்றைக்காவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா என்று தெரியவில்லை, கடிதத்தைப் படித்தால் பேசவில்லை என்றே படுகிறது.

மறுபடி அப்படி நடக்காது என்று நான் எழுதித் தர முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, உங்களுக்கும் பலமுறை போய்வரும் விசா வாங்கி, அம்மா அங்கே இருக்கும் மூன்று மாதமும் அது காலாவதியாகாமல் வைத்திருப்பது, ஓர் அவசர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியே ஒதுக்குவது. இன்னொன்று கஷ்டமானது. அங்கே ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மாவிடமே கேளுங்கள். கேட்டால் மனம் உடைந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் அமெரிக்கா கிளம்பும்போது மகன் கேட்கத் தயங்கியதை அவரே சொல்லிவிட்டார்: "அங்கேயே எரிச்சிடுங்க, சாம்பலை மட்டும் காவேரியில கரைச்சா போதும். இப்ப அந்த ஸ்வெட்டரை எங்க வெச்சீங்க, அதைச் சொல்லுங்க." ஆறு மாதம் இருந்துவிட்டு நன்றாகத் திரும்பி வந்தார்.

உங்கள் நீண்ட கடிதத்தில் அண்ணன் சொன்னது, அண்ணி சொன்னது, கணவர் சொன்னது, வங்கியில் ஒருவர் சொன்னது எல்லாம் இருக்கிறது. அம்மா சொன்னதாக ஒரு வார்த்தைகூட இல்லை, வெயிலில் வைத்த பெட்டியைத் தவிர. மறுபடி எழுதும்போது அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அந்தச் சிரிஞ்சின் மூடி நிறத்தையும்.